ஆறாவது வளைவில் காத்திருந்த எண்: 4294967297

கோத்தகிரியில் ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் மின்சாரம் போய்விடும். போனால் எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அப்படி ஒரு மாலையில், என்னிடம் டியூஷன் படிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி ஒருத்தி கைபேசியில் தனக்கு வந்த செய்தி ஒன்றை வாசித்துக் காட்டினாள். ‘பகா எண்களை மட்டுமே தரும் அற்புதச் சூத்திரம்’ என்பது தலைப்பு. அதன் கீழே 3, 5, 17, 257, 65537 என்று ஐந்து எண்கள். ‘இப்படியே போய்க்கொண்டே இருக்கலாம்’ என்று செய்தி முடிந்திருந்தது.

“அடுத்த எண் என்ன சார்?”

“4294967297.”

“அதுவும் பகா எண்தானா?”

இல்லை. ஆனால் இல்லை என்று சொல்வதற்கு உலகம் ஏறக்குறைய நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. இந்த ஒற்றை எண்ணைப் பற்றி இரண்டு வகைத் தவறான பேச்சு உலவுகிறது. ஒன்று, மேலே சொன்ன அற்புதச் சூத்திரம். இன்னொன்று, ‘கம்ப்யூட்டரின் மிகப் பெரிய எண் இதுதான்’ என்பது. இரண்டும் தவறு. ஏன் தவறு என்பதைப் பத்தாம் வகுப்புக் கணக்குக்கு மேல் போகாமல் விளக்கிவிடலாம்.

எவ்வளவு பெரியது?

நம் வழக்கப்படி வாசித்தால் 429 கோடியே 49 லட்சத்து 67 ஆயிரத்து 297. கோடி என்று சொன்னதும் கண் மங்கிவிடுகிறது. காலத்தால் அளந்து பார்க்கலாம். மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு மலை ரயில் 1899-ல் ஓடத் தொடங்கியது. அன்று ஒருவர் நொடிக்கு ஒன்று வீதம், தூங்காமல், டீ குடிக்கக்கூட எழாமல் எண்ணத் தொடங்கியிருந்தால், 2035-ல்தான் இந்த எண்ணைத் தொடுவார். சுமார் 136 ஆண்டுகள்.

அதே சமயம், இது பத்தே இலக்கம். கைபேசி எண்ணின் நீளம்தான். கணித உலகில் பெரிய எண் என்று சொல்லப்படுபவற்றுக்கு முன்னால் இது தவழும் குழந்தை. கையால் கணக்குப் போட்டுப் பார்க்கக்கூடிய அளவில் இருப்பதால்தான் இதை எடுத்துக்கொண்டேன்.

எப்படிப் பிறக்கிறது?

2-ல் தொடங்குங்கள். அதை அதனாலேயே பெருக்குங்கள்: 4. அதையும் அதனாலேயே பெருக்குங்கள்: 16. அப்படியே 256, 65536, 4294967296. ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கிக் கிடைப்பதற்கு வர்க்கம் என்று பெயர். இங்கே ஒவ்வொன்றும் முந்தையதன் வர்க்கம்.

இப்போது எல்லாவற்றோடும் ஒன்றைக் கூட்டுங்கள். 3, 5, 17, 257, 65537, 4294967297. செய்தியில் வந்த ஐந்தும் அவற்றுக்கு அடுத்ததும் கிடைத்துவிட்டன. இவற்றுக்குப் பெர்மா எண்கள் என்று பெயர். பிரான்சின் துலூஸ் நகரில் சட்டத்துறையில் வேலை பார்த்துக்கொண்டே கணிதத்தைப் பொழுதுபோக்காகச் செய்த பியர் டி பெர்மாவின் பெயர் அது. பொழுதுபோக்கு என்று சொன்னாலும், அந்தப் பொழுதுபோக்கில் விளைந்ததைப் படித்தே பலர் முழுநேரக் கணிதர்களானார்கள்.

17-லிருந்து இந்த எண்கள் எல்லாம் 7-ல் முடிவதைக் கவனித்தீர்களா? காரணம் எளியது. 6-ல் முடியும் எண்ணின் வர்க்கம் 6-லேயே முடியும். அதோடு ஒன்று கூட்டினால் 7. ஆகவே 2-ஆலும் 5-ஆலும் இவை வகுபடாது என்பது பார்த்தவுடனே தெரிந்துவிடும்.

நாற்றங்காலில் பகா எண்

தேயிலை நாற்றங்காலைப் பார்த்திருப்பீர்கள். சின்னச் சின்ன பாலித்தீன் பைகளில் நாற்றுகளை நட்டு, பாத்தியில் வரிசை வரிசையாக அடுக்கி வைத்திருப்பார்கள். 12 பைகள் இருந்தால் மூன்று வரிசையில் நான்கு நான்காக அடுக்கலாம். செவ்வகம் கச்சிதமாக வரும். 13 பைகள் இருந்தால் எப்படி அடுக்கினாலும் ஒரு மூலை மூளியாகவே நிற்கும். ஒரே வரிசையாக நீட்டி வைத்தால்தான் உண்டு.

செவ்வகமாக அடுக்க முடிகிற எண் பகு எண். ஒற்றை வரிசையைத் தவிர வேறு வழியே இல்லாத, ஒன்றைவிடப் பெரிய எண் பகா எண். செவ்வகத்தின் பக்கங்களாக வரும் எண்கள் காரணிகள். 12-க்கு 3-ம் 4-ம் அப்படி.

பார்வைக்கு எது பகா எண் என்று சொல்வது ஆபத்து. எங்கள் தெருவில் நாற்றங்கால் வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் ஒருமுறை 91 பைகளைப் பாத்தியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ‘இது ஒழுங்காக வராது அண்ணா, பகா எண்’ என்று வேலியோரம் நின்று சொன்னேன். அவர் பதில் பேசாமல் ஏழு வரிசையில் பதின்மூன்று பதின்மூன்றாக அடுக்கி முடித்து, கையைத் தட்டிக்கொண்டு என்னைப் பார்த்தார். கணக்கு வாத்தியார் அன்று வேறு வழியாக வீட்டுக்குப் போனார்.

91-லேயே ஏமாறுகிறோம் என்றால் 429 கோடியில் ஏமாறுவது பெரிய விஷயமல்ல.

ஐந்து வளைவில் யானை இல்லை

பெர்மா 1640-ல் எழுதிய கடிதங்களில், இந்த வரிசையில் வரும் எல்லா எண்களும் பகா எண்களே என்று தாம் நம்புவதாகச் சொன்னார். நிரூபணம் தம்மிடம் இல்லை என்பதையும் அவர் ஒளிக்கவில்லை. பகிர்வுச் செய்தி எழுதியவர் விட்டுவிட்டது அந்த இரண்டாம் பாதியை.

முதல் ஐந்தும் பகா எண்கள்தான். அதில் சந்தேகமே இல்லை. ஆனால் கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் இறங்குகிறவர்களுக்கு ஒன்று தெரியும். பலாப்பழக் காலத்தில் குஞ்சப்பனைப் பக்கம் ஐந்து வளைவு காலியாக இருந்தது என்பதற்காக ஆறாவது வளைவில் யாரும் வேகத்தைக் கூட்டுவதில்லை. யானை நிற்பதற்கும் நீங்கள் இதுவரை கடந்து வந்த வளைவுகளுக்கும் தொடர்பில்லை.

பெர்மாவின் ஆறாவது வளைவில் யானை நின்றது. 1729-ல் கோல்ட்பாக் என்ற கணிதர், ஆய்லர் என்ற இளம் கணிதருக்கு எழுதிய கடிதத்தில் பெர்மாவின் இந்தக் கூற்றைப் பற்றிக் கேட்டிருந்தார். (1729 என்றதும் ராமானுஜனின் டாக்சி உங்கள் நினைவுக்கு வந்திருக்கும். தற்செயல்தான், இரண்டுக்கும் சம்பந்தமில்லை.) ஸ்விட்சர்லாந்தில் பிறந்து, ரஷ்யாவின் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கில் பணியாற்றிய லியோனார்டு ஆய்லர் 1732-ல், தமது 25-ஆம் வயதில், விடையைச் சொன்னார்:

4294967297 = 641 × 6700417

நாற்றங்கால் மொழியில் சொன்னால், 641 வரிசை. வரிசைக்கு 67 லட்சத்து 417 பைகள். செவ்வகம் கச்சிதம்.

சரிபார்க்க இரண்டு நிமிடம் போதும். 6700417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4020250200. 41-ஆல் பெருக்கினால் 274717097. இரண்டையும் கூட்டுங்கள்.

இதுவரை வந்தது இவ்வளவுதான்: 2-லிருந்து வர்க்கம் மேல் வர்க்கமாக ஏறி, ஒன்று கூட்டினால் பெர்மா எண். முதல் ஐந்து பகா எண்கள், ஆறாவது பகு எண். அடுத்த கேள்வி, 641-ஐ எப்படிப் பிடிப்பது?

தேடுவது கடினம், சரிபார்ப்பது எளிது

நேர்வழி ஒன்று இருக்கிறது. 2, 3, 5, 7 என்று ஒவ்வொரு பகா எண்ணாலும் வகுத்துக்கொண்டே போவது. எதுவரை போக வேண்டும்? செவ்வகத்துக்கு ஒரு பக்கம் நீளம், மறு பக்கம் குட்டை. குட்டைப் பக்கம் 65536-ஐத் தாண்ட முடியாது. இரண்டு பக்கமும் அதைத் தாண்டினால் பெருக்கல் நம் எண்ணையே தாண்டிவிடும். 65536 வரை 6542 பகா எண்கள் உள்ளன. ஆகவே, இது பகா எண்ணாகவே இருந்திருந்தால் அதை உறுதிசெய்ய அத்தனையாலும் வகுத்துப் பார்த்திருக்க வேண்டும்.

ஆனால் 641 என்பது 116-ஆவது பகா எண். அதாவது வரிசையாக வகுத்துக்கொண்டு போயிருந்தால் 116-ஆவது வகுத்தலில் விடை கையில் விழுந்திருக்கும். இரண்டு மழைநாள் வேலை. பெர்மா ஏன் செய்து பார்க்கவில்லை, அல்லது செய்து எங்கோ கைத்தவறு விட்டாரா என்று எனக்கு இன்றும் தீராத ஆற்றாமை உண்டு.

116-கூடத் தேவையில்லை. ஆய்லர் நிறுவிய விதி ஒன்று இருக்கிறது: இந்த எண்ணை வகுக்கும் எந்தப் பகா எண்ணையும் 64-ஆல் வகுத்தால் மீதி 1 வந்தாக வேண்டும். அப்படிப்பட்ட எண்கள் 65, 129, 193, 257, 321 என்று 64 64-ஆக ஏறும். அவற்றில் பகா எண்களை மட்டும் பொறுக்கினால் 193, 257, 449, 577, 641. ஐந்தே ஐந்து முயற்சி. ஊரெல்லாம் தேடுவதற்குப் பதில் ஒரு தெருவில் தேடினால் போதும் என்று முகவரி சொல்வதைப் போன்றது இந்த விதி.

இங்கே ஒரு வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். காரணியைக் கண்டுபிடிப்பது ஒரு வேலை. யாரோ கண்டுபிடித்துக் கொடுத்த காரணி சரிதானா என்று பார்ப்பது வேறு வேலை. எண் வளர வளர முதல் வேலை மலையாக வளரும். இரண்டாவது அவ்வளவாக வளராது. இணையத்தில் பரவலாக உள்ள ஆர்.எஸ்.ஏ. என்ற மறையாக்க முறை (தகவலைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டி அனுப்பும் முறை) இந்த ஏற்றத்தாழ்வின் மேல்தான் நிற்கிறது. ஐந்தாவது பெர்மா எண்ணான 65537 அந்த முறையில் வழக்கமாக இடம்பெறும் எண் என்பது கூடுதல் செய்தி.

மீதிதான் சாவி

இப்போது உண்மையான இயக்கத்துக்கு வருகிறோம். பத்து இலக்க எண்ணைத் தொடாமலேயே 641 அதை வகுக்கும் என்று காட்ட முடியும்.

இன்று செவ்வாய்க்கிழமை என்றால் 100 நாள் கழித்து என்ன கிழமை? நூறு நாளையும் யாரும் எண்ணுவதில்லை. ஏழின் மடங்கான 98-ஐக் கழித்தால் 2 மிஞ்சும். செவ்வாய்க்கு இரண்டு நாள் தள்ளி வியாழன். வகுத்தபின் மிஞ்சுவது மீதி.

மீதிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பெருக்கலில் எண்ணுக்குப் பதில் மீதியை வைத்துக்கொள்ளலாம். 100 × 100, அதாவது 10000 நாள் கழித்து என்ன கிழமை? 100-க்கு மீதி 2. எனவே 10000-க்கு மீதி 2 × 2 = 4. செவ்வாய்க்கு நான்கு நாள் தள்ளி சனி. நம்பாதவர்கள் 10000-ஐ 7-ஆல் வகுத்துப் பார்க்கலாம்: 7 × 1428 = 9996, மீதி 4. பெரிய மூட்டையைத் தூக்கிக்கொண்டு ஏறுவதற்குப் பதில் கைப்பிடி அளவை மட்டும் எடுத்துக்கொண்டு ஏறுகிறோம்.

அதே உத்தியை 641-க்குச் செய்வோம். நம் எண் பிறந்த வழி நினைவிருக்கட்டும்: 2-லிருந்து தொடங்கி ஐந்து முறை வர்க்கம், கடைசியில் ஒன்று கூட்டல். ஒவ்வொரு படியிலும் 641-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம்.

2-ன் வர்க்கம் 4.
4-ன் வர்க்கம் 16.
16-ன் வர்க்கம் 256. இதுவரை 641-ஐத் தாண்டவில்லை, வகுக்க எதுவும் இல்லை.
256-ன் வர்க்கம் 65536. 641 × 102 = 65382. மீதி 154.
154-ன் வர்க்கம் 23716. 641 × 36 = 23076. மீதி 640.

ஐந்து வர்க்கம் முடிந்தது. ஒன்று கூட்டினால் 640 + 1 = 641. மீதி ஒன்றுமில்லை, வகுபடுகிறது.

ஐந்து இலக்கத்துக்கு மேல் எந்த எண்ணும் வரவில்லை என்பதைக் கவனியுங்கள். 429 கோடியைப் பற்றிய உண்மையை, பசுந்தேயிலை எடைச் சீட்டின் பின்பக்கத்தில் எழுதி முடித்துவிடலாம். அன்று மாலை மாணவி அப்படித்தான் எழுதினாள். அவள் வீட்டிலிருந்து வந்த சீட்டு அது, முன்பக்கம் கிலோ கணக்கு, பின்பக்கம் ஆய்லர்.

தைலத்தில் ஒரு சொட்டு

காரணியே தெரியாமல் ஓர் எண் பகு எண் என்று சொல்ல முடியுமா? முடியும். எல்லோரும் குழம்பும் இடம் இதுதான், கொஞ்சம் நிதானமாகப் போவோம்.

ஊட்டியில் நீலகிரித் தைலம் வாங்குகிறவர்கள் ஒரு சொட்டைக் காகிதத்தில் விட்டுப் பார்ப்பார்கள். நல்ல தைலம் தடம் இல்லாமல் ஆவியாகிவிடும். எண்ணெய்க் கறை தங்கினால் ஏதோ கலந்திருக்கிறது என்பது உறுதி. ஆனால் கறை தங்கவில்லை என்பதால் மட்டும் தைலம் சுத்தம் என்று சொல்ல முடியாது. ஆவியாகும் வேறொரு பொருளைக் கலந்திருந்தாலும் கறை தங்காது.

பெர்மாவே கண்ட ஒரு சோதனை இப்படிப்பட்டது. 3-லிருந்து எந்தப் பகா எண்ணை எடுத்தாலும், அதைவிட ஒன்று குறைவான எண்ணிக்கையில் 2-களை எழுதிப் பெருக்கி, அந்தப் பகா எண்ணால் வகுத்தால் மீதி 1 வரும். 7-க்கு ஆறு 2-கள்: 64. ஏழால் வகுத்தால் மீதி 1, சரி. 9-க்கு எட்டு 2-கள்: 256. ஒன்பதால் வகுத்தால் மீதி 4. கறை தங்கிவிட்டது, 9 பகா எண் அல்ல.

4294967297-ஐ இந்தச் சோதனைக்கு அனுப்பினால், கறையே இல்லாமல் மீதி 1 என்று வெளியே வருகிறது! பகு எண்ணாக இருந்துகொண்டே பகா எண் வேடம் போடுகிறது. காரணம் அதன் பிறப்பிலேயே இருக்கிறது. 4294967296 என்பது நம் எண்ணுக்கு ஒன்று குறைவு, அதாவது மீதி ‘ஒன்று கடன்’. கடனைக் கடனால் பெருக்கினால் வரவு. அடுத்த வர்க்கத்தில் மீதி 1 ஆகிவிடும். 1-ன் வர்க்கம் எப்போதும் 1. அதன்பின் எத்தனை முறை வர்க்கம் செய்தாலும் 1-லேயே நிற்கும். சோதனை கேட்கும் 4294967296 2-களின் பெருக்கலும், 2-லிருந்து இப்படி 32 முறை வர்க்கம் செய்தால் கிடைப்பதுதான். இந்த வரிசையில் உள்ள எல்லா எண்களுமே இந்தச் சோதனையில் இப்படித் தேறிவிடும்.

2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் செய்தால் வேடம் கலைகிறது. மீதி 1 வராது. காரணி எதுவென்று அந்தச் சோதனை சொல்லாது. பகா எண் அல்ல என்று மட்டும் சொல்லும். சோதனையில் தோற்றால் தீர்ப்பு உறுதி, தேறினால் சந்தேகம் தொடரும்.

இரண்டு சதுரங்கள், இரண்டு விதமாக

இன்னொரு சாட்சியும் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். 65536-ன் வர்க்கத்தோடு 1-ன் வர்க்கத்தைக் கூட்டினால் நம் எண். அது பிறந்த விதமே அது. ஆனால் 62264-ன் வர்க்கத்தோடு 20449-ன் வர்க்கத்தைக் கூட்டினாலும் அதே எண் வருகிறது. ஒரு பகா எண்ணை இரண்டு வர்க்கங்களின் கூட்டலாக எழுத முடிந்தால், அதற்கு ஒரே ஒரு வழிதான் இருக்கும். 17-ஐ 16 + 1 என்று மட்டுமே எழுதலாம். 65-ஐ 64 + 1 என்றும் 49 + 16 என்றும் எழுதலாம். 65 என்பது 5 × 13. இரண்டு விதமாக எழுத முடிந்ததே பகு எண் என்பதற்குப் போதுமான சான்று.

அக்கம்பக்கத்து எண்கள்

கம்ப்யூட்டர் பேச்சைத் தீர்த்துவிடுவோம். 32 பிட்டில், அதாவது 0 அல்லது 1 என்ற இலக்கத்துக்கான 32 இடங்களில், எழுதக்கூடிய எண்கள் 0-லிருந்து 4294967295 வரை. மொத்தம் 4294967296 எண்கள். இணைய முகவரிகளின் நான்காம் பதிப்பில் மொத்த முகவரிகள் அத்தனைதான். நம் எண் அந்தக் கதவுக்கு வெளியே நிற்பது. 32 பிட்டுக்குள் அதற்கு இடமே கிடையாது. மிகப் பெரியது என்ற பட்டத்தை அதற்குச் சூட்டுவது அண்டை வீட்டாரின் மாலையைப் பறித்துப் போடுவது.

அந்த அண்டை வீட்டார் சுவையானவர். 3-ஐ 5-ஆல் பெருக்கினால் 15. அதை 17-ஆல் பெருக்கினால் 255. 257-ஆல் பெருக்கினால் 65535. 65537-ஆல் பெருக்கினால் 4294967295. முதல் ஐந்து பெர்மா எண்களையும் ஒன்றாகப் பெருக்கி இரண்டைக் கூட்டினால் ஆறாவது வந்துவிடுகிறது! ஆகவே முதல் ஐந்தில் எதனால் ஆறாவதை வகுத்தாலும் மீதி 2 தான் வரும். புதிய எண்ணின் காரணி பழைய ஐந்துக்கும் வெளியே எங்கோதான் இருந்தாக வேண்டும் என்பது வகுத்துப் பார்க்காமலே தெரிந்துவிடுகிறது. நான் இந்த வரிசையில் மயங்கியது இந்த இடத்தில்தான். சூத்திரம் பகா எண்ணைத் தருகிறதா என்பதைவிட இது அழகு.

ஏழாவது வளைவு

ஆறாவது பொய்த்தது, அதற்கு அடுத்தது? 18446744073709551617. இதுவும் பகு எண். 1880-ல் லாண்ட்ரி என்ற பிரெஞ்சுக்காரர் இதன் காரணி 274177 என்று கண்டார். அதற்குப் பின் வருபவற்றில் விடை தெரிந்தவை எல்லாமே பகு எண்கள். பெர்மா ‘எல்லாமே பகா எண்’ என்றார். அவர் அறிந்த ஐந்துக்கு மேல் ஆறாவது பகா எண் ஒன்று இதுவரை யார் கையிலும் சிக்கவில்லை.

மாணவி 274177-ஐ விடவில்லை. அதே மீதி உத்தியில் இந்த முறை ஆறு வர்க்கம் செய்ய வேண்டும். கடைசியில் 274176 வந்தால் வகுபடுகிறது என்று பொருள். எடைச் சீட்டின் பின்பக்கம் போதாமல் இன்னொரு சீட்டு எடுத்தாள். ஐந்தாவது வர்க்கத்தில் மீதி 258768 என்று வந்ததும், “இதை வர்க்கம் செய்வதற்குள் விடிந்துவிடும் சார்” என்று சலித்துக்கொண்டாள். பிறகு 274177-க்கு அது 15409 குறைவு என்பதைக் கவனித்து, கடனையே வர்க்கம் செய்தாள். 15409-ன் வர்க்கம் 237437281. 274177 × 865 = 237163105. கழித்தாள்.

274176 என்று அவள் எழுதிக்கொண்டிருந்தபோது மின்சாரம் வந்தது.